பூப் பள்ளத்தாக்கும் ஆற்றுக்குள் போன பட்டாவும்

2015-ல் மாற்றலாகி உத்தராகண்டுக்கு வந்தேன். முதல் இரண்டு வருடம் சமோலி மாவட்டத்தில் ஒரு சின்னக் கிளை, பிறகு டேராடூன். இங்கே நம்ம தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்கோ பிள்ளையார் சதுர்த்திக்கோ கூடினால், "பூப் பள்ளத்தாக்கு போயிட்டு வந்தாச்சா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். போய் வந்தவர்கள் செல்பேசியை நீட்டி முந்நூறு படம் காட்டுவார்கள். நான் ஒன்பது வருடம் போகவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு எனக்கு அறிமுகமானது படத்தில் இல்லை, ஒரு கடன் விண்ணப்பத்தில். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் கோணலாகத்தான் ஆரம்பிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சின்னக் கிளையில் சேர்ந்த சில மாதங்களில் ஒருவர் கோவேறு கழுதை வாங்கக் கடன் கேட்டு வந்தார். அப்போது நாற்பத்தேழு வயது இருக்கும். பெயர் வேண்டாம், நான் "பாயி சாப்" என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு நான் "சாஹப்". ஊர் பியுந்தர். ஈடாகக் காட்ட நிலம் இருக்கிறதா என்று கேட்டேன். கதௌனியை எடுத்து நீட்டினார். கதௌனி என்பது இந்தப் பக்கத்தில் நம்ம பட்டா, சிட்டா மாதிரி. ஆறு நாளி நிலம், கணக்கெல்லாம் சரியாக இருந்தது. (நாளி என்றால் சுமார் 200 சதுர மீட்டர், நம்ம கணக்கில் ஏறக்குறைய 5 சென்ட். ஒரு நாளி தானியம் விதைக்கும் நிலம் என்பதால் வந்த பெயராம். நம்ம நாழி ஞாபகம் வரவில்லையா?)

"நிலத்தைப் பார்க்க என்றைக்கு வரலாம்?" என்றேன்.

"எப்போது வேண்டுமானாலும் வாங்க சாஹப். ஆனால் கரையில் நின்றுதான் பார்க்க முடியும். நிலம் ஆற்றுக்குள் இருக்கிறது" என்றார்.

2013 ஜூன் 16, 17 தேதிகளில் வந்த வெள்ளத்தை எல்லோரும் கேதார்நாத் வெள்ளம் என்றே சொல்கிறோம். தொலைக்காட்சிகள் காட்டியதும் அதைத்தான். அதே இரண்டு நாளில், மலைக்கு இந்தப் பக்கம், பியுந்தர் கிராமத்தையும் ஆறு கொண்டுபோனது. ஏட்டில் ஊர் இருந்தது, தரையில் இல்லை. மேலே காங்கரியாவில் சிக்கிய யாத்ரீகர்களை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள்.

விண்ணப்பத்தில் "பரம்பரைத் தொழில்" என்று ஒரு கட்டம். வழக்கமாக யாரும் நிரப்ப மாட்டார்கள். இவர் "ஆடு மேய்த்தல், 1982 வரை" என்று எழுதச் சொன்னார். 1982-க்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அன்று மதியச் சாப்பாடு அரை மணி நேரம் தள்ளிப் போனது. பூப் பள்ளத்தாக்கின் வரலாற்றை நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

எந்த நூலை எடுத்தாலும் கதை 1931-ல் தொடங்கும். அந்த ஆண்டு ஜூன் 21-ந் தேதி, ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர் தலைமையில் சென்ற குழு, 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தில் ஏறியது. அதுவரை மனிதன் ஏறிய சிகரங்களில் அதுதான் உயரமானது. எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த், லேவா என்ற ஷெர்பா ஆகியோர் உச்சியைத் தொட்டவர்களில் உண்டு. இதில் ஹோல்ட்ஸ்வொர்த் உச்சியில் நின்று பைப் பிடித்தவர் என்று ஒரு புகழ். குழுவின் தாவர ஆள் அவர்தான். பின்னாளில் இதே டேராடூனின் டூன் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். நான் தினமும் வண்டியில் கடக்கும் மதில்சுவர்!

காமெட்டிலிருந்து இறங்கியவர்கள் கம்சாலி என்ற ஊர் வழியாக வந்து, 5,000 மீட்டருக்கு மேலிருக்கும் பியுந்தர் கணவாயைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் மழையும் மூடுபனியும். கீழே இறங்க இறங்கக் காலடியில் முழுக்கப் பூ. 1937-ல் ஸ்மைத் இதற்கென்றே திரும்பி வந்து, கூடாரம் போட்டுத் தங்கிச் செடிகளும் விதைகளும் சேகரித்தார். டார்ஜிலிங்கிலிருந்து வந்த ஷெர்பாக்கள் கூட இருந்தார்கள். 1938-ல் புத்தகம் வந்தது, 'தி வேலி ஆஃப் ஃபிளவர்ஸ்' என்ற பெயரில். அந்தத் தலைப்பே இடத்தின் பெயராகிவிட்டது. இன்று அரசாங்கப் பலகையிலும் அதே பெயர், இந்தியில் 'பூலோன் கி காட்டி'. ஊர்க்காரர்கள் வாயில் அது பியுந்தர் பள்ளத்தாக்கின் ஒரு கிளை, அவ்வளவுதான்.

புத்தகம் படித்து வந்தவர்களில் ஒருவர் ஜோன் மார்கரெட் லெக். பிரபு குடும்பத்துப் பெண், வயது 54, கியூ தாவரவியல் தோட்டத்துக்காகச் செடி சேகரிக்க 1939-ல் வந்தார். ஜூலை 4-ந் தேதி சரிவில் கால் வழுக்கி விழுந்து இறந்தார். கூட வந்தவர்கள் அங்கேயே அடக்கம் செய்தார்கள். பிற்பாடு அவருடைய சகோதரி வந்து கல்லறைக் கல் வைத்துவிட்டுப் போனார். பள்ளத்தாக்கு நடுவில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. தனியாக அவ்வளவு தூரம் வந்த அந்த அம்மாவை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. 54 வயதில் ஒரு பெண் செடி பறிக்கக் கடல் தாண்டி இமயமலைக்குப் போகிறேன் என்றால் இன்றைக்கே நம் வீடுகளில் விடுவார்களா?

இதே காலத்தில் பக்கத்து மலையில் இன்னொரு தேடல் நடந்தது. குரு கோவிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்ததாக தசம கிரந்தத்தில் வரும் ஏழு சிகர இடம் எது என்று சீக்கியர்கள் தேடினார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சந்த் சோகன் சிங் 1930-களில் அந்த ஏரிக்கு வந்து இதுதான் ஹேம்குண்ட் என்றார். 1936-ல் சின்னதாக ஒரு குருத்வாரா எழுந்தது. ஊர்க்காரர்களுக்கு அந்த ஏரி முன்பே லோக்பால். அங்கே லட்சுமணனுக்கு ஒரு கோயில் உண்டு, இப்போதும் இருக்கிறது.

நான் ஒரு காமர்ஸ் பட்டதாரி, வரலாற்று ஆசிரியன் இல்லை. ஆனாலும் லெட்ஜர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்று உறுத்துகிறது. 1931, 1937, 1939 எல்லாவற்றிலும் வந்து போனவர்களின் வரவு மட்டும் இருக்கிறது. வருடா வருடம் கோடையில் மேலே போய்க் குளிர்காலத்தில் கீழே இறங்கியவர்களுக்குப் பக்கமே ஒதுக்கவில்லை. பியுந்தர் கோடைக்கால ஊர், புல்னா குளிர்கால ஊர். பனி உருகியதும் ஆடு, மாடு, எருமையோடு மேலே ஏறுவார்கள். வெளியூர் இடையர்களும் பெரிய மந்தைகளோடு வருவார்கள். பள்ளத்தாக்கில் பரிகள், அதாவது வான் தேவதைகள், உலவுவதாகவும் தனியாகப் போனால் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றும் சின்னப் பிள்ளைகளை மிரட்டுவார்களாம். பாயி சாப்பையும் அவர் அப்பா அப்படித்தான் மிரட்டியிருக்கிறார்.

1962 சீனப் போருக்குப் பிறகு திபெத் வியாபாரம் நின்றது. எல்லைக்காகச் சாலைகள் வந்தன. சாலை வந்ததும் பத்ரிநாத் போகிறவர்கள் கூடினார்கள், ஹேம்குண்ட் போகிறவர்களும் கூடினார்கள். காங்கரியாவில் கடைகளும் விடுதிகளும் முளைத்தன.

பிறகு 1982. பூப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா என்று அறிவிப்பு வந்தது. 87.5 சதுர கிலோமீட்டர். மேய்ச்சலுக்குத் தடை, இரவு தங்கத் தடை. அதே ஆண்டு பக்கத்தில் நந்தாதேவியும் தேசியப் பூங்கா ஆனது. அங்கே கதை இன்னும் கசப்பு. 1974 மார்ச் 26-ந் தேதி கௌரா தேவி தலைமையில் ரைணி கிராமத்துப் பெண்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு காட்டைக் காப்பாற்றினார்களே, சிப்கோ, அந்த ரைணி நந்தாதேவியின் வாசலில்தான் இருக்கிறது. காட்டைக் காப்பாற்றி எட்டு வருடத்தில், சுமை தூக்கிப் பிழைத்த வழியும் மேய்ச்சல் வெளியும் அவர்களுக்கு அடைபட்டன. 2001-ல் அந்தப் பகுதி மக்கள் கூடி, நந்தாதேவியில் சுற்றுலா நடந்தால் எங்கள் கையில் நடக்கட்டும் என்று ஒரு பிரகடனமே வெளியிட்டார்கள்.

பூங்கா அறிவித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கில் ஆடு மேய்ந்தால் எந்தப் புல்வெளியும் தாங்காது. பனிச்சிறுத்தையும் கஸ்தூரி மானும் அங்கே இன்னும் இருப்பதற்கு அந்த அறிவிப்பு ஒரு காரணம். 1988-ல் நந்தாதேவியை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது, 2005-ல் பூப் பள்ளத்தாக்கையும் அதோடு சேர்த்தது. பெருமைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் முழு முதலும் நடமாடும் ஆடாக இருக்கும்போது, மேய இடம் இல்லை என்றால் அந்த முதலின் மதிப்பு என்ன? பாயி சாப்பின் அப்பா அந்த வருடமே ஆடுகளைக் கிடைத்த விலைக்கு விற்றார். பையனுக்கு அப்போது 14 வயது. யாத்திரைப் பாதையில் சுமை தூக்கப் போனான்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். மேய்ச்சல் நின்ற சில வருடங்களில் ஒரு செடி கிடுகிடுவென்று பரவியது. தாவரவியல் பெயர் பாலிகோனம், உள்ளூரில் அமேலா. ஆள் உயரம் வளர்ந்து, கீழே சின்னப் பூச்செடிகளுக்கு வெளிச்சம் விடாது. "பார்த்தீர்களா, ஆடு மாடு மிதித்து அடக்கி வைத்திருந்தது, இப்போது அடக்க ஆளில்லை, மேய்ச்சலைத் திரும்ப விடுங்கள்" என்று ஒரு தரப்பு எழுதியது. டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்து ஆய்வாளர்கள் 1990-களில் பள்ளத்தாக்கை அலசிவிட்டு வேறு மாதிரி சொன்னார்கள். 500-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் அங்கே நன்றாகவே இருக்கின்றன. அமேலா மண்டுவது மண் சரிந்த இடங்களிலும், முன்பு மந்தைகளைக் கிடை போட்டு உரம் ஏறிப்போன இடங்களிலும்தான் என்றார்கள். அதாவது மேய்ச்சலை நிறுத்தியதால் வந்த வினை இல்லை, பழைய மேய்ச்சல் விட்டுப்போன தழும்பு. 2000-களிலிருந்து வனத்துறை ஆள் வைத்து இந்தச் செடியைப் பிடுங்கி வருகிறது. எனக்கு ஆய்வாளர்கள் சொல்வதுதான் சரியென்று படுகிறது. பாயி சாப்பிடம் சொன்னபோது அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்பது மேலே போன பிறகுதான் தெரிந்தது.

கடன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முத்ரா திட்டம் அந்த 2015 ஏப்ரலில்தான் வந்திருந்தது. அப்போது 10 லட்சம் வரை ஈடு இல்லாமல் கொடுக்கலாம் என்றிருந்தது, ஆகவே ஆற்றுக்குள் போன நிலத்தை நான் மதிப்பிட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கோவேறு கழுதை வாங்கினார். சீசன் மாதங்களில் தவணை ஒழுங்காக வரும், குளிர்காலத்தில் நிற்கும், மறுபடி ஜூனில் வரும். 2020-ல் கொரோனாவால் யாத்திரையே சுருங்கியபோது டேராடூனுக்குப் போன் பண்ணி வருத்தப்பட்டார். அப்போது நான் அவருக்கு மேனேஜரே இல்லை. அடுத்த சீசன்களில் கட்டி முடித்துவிட்டு அதற்கும் போன் பண்ணினார்.

அவர் கூப்பிட்டுத்தான் 2024 ஆகஸ்டில் போனோம். நான், தங்கமணி, பத்தாவது படிக்கும் மகள். போக நினைப்பவர்களுக்காகச் சுருக்கமாக: ஜோஷிமட் தாண்டி கோவிந்த்காட் வரை கார். அங்கிருந்து புல்னா வரை 4 கிலோமீட்டர் ஜீப். பிறகு 9, 10 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 3,050 மீட்டரில் காங்கரியா. தங்குவதெல்லாம் இங்கேதான். பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும், பூவுக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை. காலையில் போய் மாலை 5 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். கழுதை, குதிரைக்கு உள்ளே அனுமதி இல்லை. நடக்க முடியாதவர்களைக் கூடையில் வைத்துச் சுமக்க ஆட்கள் உண்டு. மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள், குடையை நம்பாதீர்கள்.

நடைபாதையில் பிளாஸ்டிக் அதிகம் கண்ணில் படவில்லை. பியுந்தர் ஊர்க்காரர்களின் சூழல் மேம்பாட்டுக் குழு வருடா வருடம் குப்பையை அள்ளுகிறது. பழைய பியுந்தர் இருந்த இடத்தை பாயி சாப் காட்டினார். வெள்ளைக் கற்களும் நடுவில் தண்ணீரும். "அதோ அந்தப் பெரிய பாறைக்கு வலப்பக்கம்" என்றார். ஆறு நாளி. நான் கரையில் நின்று பார்த்தேன்.

மறுநாள் பள்ளத்தாக்கு. கழுதைகளை காங்கரியாவில் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு அவரும் கூட வந்தார். புஷ்பாவதி ஆற்றைத் தாண்டி மூச்சிரைக்க ஒரு ஏற்றம், பிறகு மூடுபனி விலகியதும் திறந்த வெளி. 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், தலைமாட்டில் திப்ரா பனியாறு. ஆறேழு மாதம் பனிக்கடியில் கிடக்கும் மண். மிச்சமிருக்கும் நாலைந்து மாதத்துக்குள் முளைத்துப் பூத்து விதைத்து முடித்தாக வேண்டும் என்பதால் எல்லாம் ஒரே அவசரமாகப் பூக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறம் மாறும் என்கிறார்கள். நாங்கள் போனபோது காசித்தும்பையின் உறவுச் செடி ஒன்று சரிவெல்லாம் இளஞ்சிவப்பு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூ சொன்னார் என்று மகளிடம் பெருமையடித்தேன். "இங்கே எத்தனைப்பா?" என்று கேட்டாள். 500-க்கு மேல் என்றதும் "அப்போ கபிலர் பாவம்" என்றாள். நீலப் பாப்பி பாறை இடுக்கில் நாலைந்து பார்த்தோம், முள்ளு முள்ளான தண்டில் பட்டுத்துணி மாதிரி இதழ். பனிச்சிறுத்தை, கரடி எல்லாம் நம்மைப் பார்த்திருக்கும், நாம் பார்க்கவில்லை. கண்ணில் பட்டது வாலில்லாத எலி மாதிரி ஒரு பிக்கா, வாயில் புல்லோடு கல்லுக்குள் ஓடியது. தூரத்தில் ஒரு மோனால் கூவியதாக பாயி சாப் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் ஹேம்குண்ட். 6 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், தலைவலி நிச்சயம். பிரம்ம கமலம் பார்க்க வேண்டுமானால் அங்கேதான். குருத்வாராவில் சுடச்சுடக் கிச்சடியும் டீயும் தந்தார்கள். அந்தக் குளிரில் நம்ம வெண்பொங்கலுக்குச் சொந்தத் தம்பி.

ஜோன் லெக் கல்லறை அருகே உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம். பாயி சாப் சாப்பிடாமல் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, எதிர்ச்சரிவில் அடர்பச்சையாக ஒரு திட்டைக் காட்டினார். சுற்றிலும் சின்னச் சின்னப் பூ, அந்த இடத்தில் மட்டும் ஆள் உயரத்துக்குச் செடி.

"அது அமேலாதானே?" என்றேன்.

"ஆமாம் சாஹப். அதற்குப் பக்கத்தில் ஒன்று, ஓடைக்கு மேலே ஒன்று. கீழே இருக்கிறதே, அது எங்கள் கிடை. மேலே இருப்பது என் மாமாவுடையது. உங்கள் படித்தவர்கள் சொன்னது சரி. ராத்திரி ஆடு படுத்த இடத்தில்தான் முளைக்கிறது. அவர்கள் பிடுங்கப் பிடுங்க நான் மேலே வரும்போது எங்கள் இடம் எதுவென்று தேட வேண்டியிருக்கிறது."

மகள் அதைப் படம் எடுத்தாள். ஒரு பூகூட இல்லாத படம். டேராடூன் திரும்பிய பிறகு பிரிண்ட் போட்டு, அவருக்கு ஒன்று தபாலில் அனுப்பினோம்.